நீதிபோதனை வகுப்புக்கு வந்த வலை

பள்ளிக்கூடத்தில் எந்தப் பாடத்துக்கு நேரம் போதாவிட்டாலும் முதலில் பலியாவது நீதிபோதனை பீரியட்தான். "இன்னைக்கு ஒருநாள் மட்டும் டீச்சர்" என்று கணக்கு வாத்தியார் வாங்கிப்போவார்; அந்த ஒருநாள் வருஷம் முழுக்க வரும். எழுபதுகளில் தூத்துக்குடிக் கடற்கரையோரத்துப் பள்ளி ஒன்றில் எட்டாம் வகுப்புக்கு அந்தப் பாடம் எடுத்தவள் நான். என்னைப்போல் அவதிப்பட்டவர்கள் இருந்தால் இதைப் படித்துவிட்டு ஒரு பெருமூச்சு விடுங்கள். சண்டையை அடிதடியில்லாமல் தீர்த்துக்கொள்ளப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தந்தே தீருவது என்று இறங்கினேன். இத்தனைக்கும் எனக்குக் கோபம் மூக்கு நுனியில். வீட்டில் கேட்டால் கதை கதையாகச் சொல்வார்கள்.

கொடிக்குப் போன பிரம்பு

'அடிக்காதே' என்று சொல்கிற வகுப்புக்குப் பிரம்போடு போவது எனக்கே அசிங்கமாகப் பட்டது. ஆயாவிடம் கொடுத்து, தோட்டத்து அவரைக்கொடிக்கு ஊன்றச் சொல்லிவிட்டேன். முதல் வாரம் வகுப்பு மீன் ஏலம் மாதிரிதான் இருந்தது. மேஜையைத் தட்டித் தட்டி என் உள்ளங்கை சிவந்ததுதான் மிச்சம். தலைமையாசிரியர் ஜன்னல் வழியே வகுப்பைப் பார்த்தார், அவரைக்கொடியையும் பார்த்தார்.

"பிரம்பில்லாம நீதிபோதனையா? உப்பில்லாம கருவாடு போட்ட மாதிரில்லா இருக்கு, டீச்சர்!"

எதிராளியின் வக்கீல்

மிக்கேலின் அப்பாவுக்குப் பாய்கட்டி ஓடும் வள்ளம். ராயப்பனின் அப்பா விசைப்படகில் டிரைவர். அந்த வருஷங்களில் விசைப்படகுகள் கரையோரமாகத் தங்கள் வலையை இழுத்துக்கொண்டு வரும்போது, வள்ளக்காரர் விரித்த வலை அதில் மாட்டிக்கொள்ளும். நின்று பிரிக்கப் பொறுமையில்லாதவர்கள் அறுத்துவிட்டுப் போய்விடுவார்கள். மிக்கேல் வீட்டு வலை அப்படித்தான் போயிற்று. "உங்கப்பாதான் அறுத்தாரு" என்பான் மிக்கேல். "எங்கப்பா அறுக்கல" என்பான் ராயப்பன். ஒருநாள் மிக்கேல் ஜாமெட்ரி பாக்ஸால் அடித்ததில் ராயப்பன் புருவம் பிளந்துவிட்டது. "இன்னொரு தடவை ரத்தம் வந்தா ரெண்டு பேருக்கும் டி.சி.தான்" என்றுவிட்டார் தலைமையாசிரியர்.

நடுவருஷத்தில் டி.சி. வாங்கினால் அந்தப் பிள்ளைகள் வேறெந்தப் பள்ளிக்கூடத்துப் படியேறும்? நேரே கடலுக்குத்தான். விடுவேனா பார் என்று மறுநாளே ஒருவன் கட்சியை இன்னொருவனைப் பேசச் சொன்னேன். ராயப்பன் எழுந்து, "எங்க வலை போச்சு. அப்பா மூணு நாளா கடலுக்குப் போகல. அம்மா அழுதா" என்று மிக்கேலாகவே மாறிப் பேசினான். நான் பூரித்துப்போய், "எப்படிச் சொன்னான்?" என்று மிக்கேலைக் கேட்டேன்.

"நல்லாத்தான் சொல்லுதான் டீச்சர். இவ்வளவு தெரிஞ்சும் அவன் அப்பா ஏன் அறுத்தாருன்னு கேளுங்க!"

வலைமேல் டீச்சர்

வாயால் ஆகாததைக் கையால் செய்வோம் என்று, "கிழிஞ்ச வலை ஒண்ணு யாராவது கொண்டாங்க, எல்லாரும் சேர்ந்து பின்னுவோம்" என்றேன். நான் தாமிரபரணிக் கரையில் நெல்லோடு வளர்ந்தவள். மீனோடு என் பழக்கமெல்லாம் அது குழம்புச் சட்டிக்கு வந்த பிறகுதான். வலை என்றால் வலை என்று நினைத்துவிட்டேன். கடற்கரைப் பிள்ளைகளுக்கு வலையைப் பார்த்ததுமே இன்னார் வீட்டு வலை, இது கிழிசல், இது கத்தி பட்டது என்று எல்லாம் தெரியும் என்பது எனக்கு எங்கே தெரியும்? மிக்கேல் சுமந்துவந்து போட்டது சாட்சாத் அந்த வலையேதான்.

வகுப்பு இரண்டாகப் பிரிந்து பெஞ்சுமேல் ஏறிவிட்டது. போச்சு, இன்றைக்கு ரத்தம்தான் என்று நினைத்தேன். என்ன செய்வதென்று தெரியாமல் நடுவே போய் வலைமேல் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். "என்னைத் தாண்டி எவன் அடிக்கான்னு பாப்போம், வாங்கலே!" என்று கத்தினேன். அவ்வளவுதான், மிக்கேலும் ராயப்பனும் அந்த வருஷத்திலேயே முதல்முறையாக ஒரே குரலில் அலறினார்கள்.

"எந்திரிங்க டீச்சர்! வலைமேல பொம்பளையாளு உக்காந்தா மீன் படாது!"

கத்தியோடு வந்தவர்

எழுந்தேன். ஒருவன் இழுத்துப் பிடிக்காமல் இன்னொருவன் முடிச்சுப் போட முடியாது என்பதால், முறைத்துக்கொண்டே இருவரும் உட்கார்ந்தார்கள். ஆனால் போட்ட முடிச்செல்லாம் நழுவியது. இரண்டு நாள் இதே கூத்து. செய்தி தெருவுக்குப் போய்விட்டது. மூன்றாம் நாள் ராயப்பனின் அப்பா இடுப்பில் கத்தியோடு கேட்டுக்குள் நுழைந்தார். தலைமையாசிரியர் டி.சி. புத்தகத்தை வெளியே எடுத்துவிட்டார். நான் வகுப்பு வாசலை மறித்துக்கொண்டு, "கத்தியை வெளிய வச்சிட்டு வாங்க அண்ணாச்சி" என்றேன். "கத்தியில்லாம இது நடக்காது டீச்சரம்மா" என்று ஒதுங்கி உள்ளே போய், வலைமுன் குந்தி, ஓட்டையைச் சுற்றி மேலும் அறுக்க ஆரம்பித்தார்.

மிக்கேல் பாய்ந்தான். ராயப்பன் அவனைக் கட்டிப்பிடித்து நிறுத்தினான், அடிக்கவில்லை. "ஏலே, பொறுலே, பிசிறை எடுக்காரு" என்றான். பிசிறோடு பின்னினால் முடிச்சு நிற்காதாம். முதலில் ஓட்டையைப் பெரிசாக்கித்தான் ஆகவேண்டுமாம். மணியடிக்கும்வரை மிக்கேல் ஓரத்தைப் பிடிக்க, அவர் பின்னினார். ஒரு முடிச்சும் நழுவவில்லை. கடைசி முடிச்சை இறுக்கியபோது, நிமிராமலே மிக்கேலிடம் சொன்னார்.

"உங்கப்பாட்ட சொல்லு. நின்னு பிரிச்சிருக்கலாம், பிரிக்கல. நான்தான் அறுத்தேன். இதே கத்திதான்."

டி.சி. புத்தகம் அலமாரிக்குத் திரும்பியது. பிரம்பை விரட்டி நான் நடத்திய சமாதானப் பாடத்தை ஒரு கத்தி வந்து முடித்துவைத்ததை நோட்ஸ் ஆஃப் லெசன் என்கிற பாடக்குறிப்பில் என்னவென்று எழுதுவது என்று மட்டும் இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.