கார்புரேட்டர் அக்கா

மெல்லிய ரப்பர் குழாயின் ஒரு முனையைக் கார்புரேட்டரின் துளையில் செருகி, மறுமுனையை வாயில் வைத்துக் கன்னம் உப்ப ஊதுகிறார் அக்கா. ஊதிய கையோடு குழாயை நாக்கு நுனியால் அடைத்துக்கொண்டு காத்திருக்கிறார். காற்று உள்ளேயே நின்றால் நல்லது. கசிந்தால் மறுபடி கழற்ற வேண்டும். அதுவரை வீட்டில் யாரும் வாய் திறக்கக் கூடாது, மின்விசிறியும் சுற்றக் கூடாது. சமையலறை மேசையில் ஒரு வெள்ளைத் தட்டு. மிளகளவு ஸ்பிரிங், ஊசி, காகிதம் போன்ற ரப்பர் சவ்வு எல்லாம் அதில்தான் கிடக்கும். அந்தத் தட்டில் யாரும் சாப்பிட்டதாக நினைவில்லை.

மரம் வெட்டுகிறவர்கள் செயின்சா மெஷினைத் தூக்கிக்கொண்டு இவரிடம்தான் வருவார்கள். பேரன் பேத்தி எடுத்தவர்கள்கூட வாசலிலிருந்து “அக்கா” என்றே குரல் கொடுப்பார்கள். அக்காவுக்கு அதில் கொஞ்சம் கோபம், நிறையப் பெருமை. இன்ஜினை யார் வேண்டுமானாலும் பிரித்துப் பூட்டட்டும், அதற்குப் பெட்ரோலும் காற்றும் கலந்து தரும் கார்புரேட்டரை மட்டும் தம்மிடம் கொடுத்துவிட வேண்டும் என்பார். புதிதாக ஒன்று வாங்கி மாட்டிவிடலாமே என்று யாராவது சொல்லிவிட்டால் தீர்ந்தது. “மூக்கு அடைச்சா மூக்கையா மாத்துவோம்? சிந்திட்டுப் போவோமா மாட்டோமா?” என்பார். உதிரிபாகக் கடைக்காரர் காதிலும் இது பலமுறை விழுந்திருக்கிறது. தன் வியாபாரத்துக்கு வந்த கண்டம் என்று அவர் அக்காவைச் செல்லமாகத் திட்டுவதுண்டு.

அக்காவின் கணவர் மரமேறி. கயிற்றில் தொங்கியபடி கிளைகளை அறுத்து இறக்குவது அவர் வேலை. பேச்சில் மகா கஞ்சர். சாயங்காலம் வந்து மெஷினை மூலையில் வைத்ததும், எப்படி ஓடியது என்று அக்கா கேட்பார். “பூ மாதிரி” என்பார் அவர். அந்த ஒரு சொல்லுக்காகவே அக்கா நாள் முழுக்கக் காத்திருந்தது போலிருக்கும்.

மழை பிடித்துக்கொண்டு வேலை நின்ற வாரத்தில், கணவரின் மெஷினை முழுசாகப் பிரித்துப் புதுப்பிக்க உட்கார்ந்தார் அக்கா. பிஸ்டன் ரிங், பேரிங், சீல் எல்லாம் புதிது. கார்புரேட்டர் மட்டும் வழக்கம் போலப் பழையது. மேலெல்லாம் மரத்தூள் அப்பியிருந்ததால் செய்தித்தாளை விரித்துக்கொண்டு, மூடியைத் திறந்து, உள்ளே போகும் காற்றை வடிகட்டும் ஏர் ஃபில்டரை எடுத்துத் தட்டினார். ஒரு துகள் விழவில்லை. போன முறை அக்கா கழுவி மாட்டியபோது இருந்த அதே வெள்ளை.

வெளியே அவ்வளவு தூள், உள்ளே ஒன்றுமில்லை. மெஷின் ஓடியிருந்தால் அப்படி இருக்க வழியே கிடையாது. பாவம் மனுஷர், குழந்தைக்குப் பவுடர் போடுவது போல மேலே தூவிக் கொண்டுவந்திருக்கிறார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதென்றாலும் அதற்கு ஒரு சாமர்த்தியம் வேண்டாமா?

அக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. கார்புரேட்டரைக் கையில் எடுத்து, விசையை அழுத்தினால் திரும்பும் அந்தச் சிறிய தண்டை நகத்தால் ஆட்டிப் பார்த்தார். தேய்ந்துபோன துளைக்குள் அது லொடலொடவென்று ஆடியது. அந்த இடைவெளியில் காற்று புகுந்தால் மெஷின் ஒரு கத்துக் கத்திவிட்டு அணைந்துபோகும். போன முறையே அந்த ஆட்டம் அவர் கண்ணில் பட்டதுதான். சமாளிக்கும் என்று பூட்டிவிட்டார். கழுவினால் எல்லாம் சரியாகிவிடும் என்ற வீம்பு.

கணவரைக் கூப்பிட்டு ஃபில்டரை நீட்டினார். அவர் அதைப் பார்த்தார், தரையைப் பார்த்தார்.

“யாரு மெஷினை வெச்சு வெட்டுறீங்க?”

“கூட ஏறுறவன்கிட்ட இன்னொண்ணு சும்மா கிடந்துச்சு.”

“இது என்ன பண்ணுச்சு?”

“நீ கழுவிக் குடுத்த அன்னிக்கே மேல நின்னுபோச்சு. முத கிளை பாதி அறுந்து தொங்குறப்ப.” தரையைப் பார்த்தபடியே சொன்னார்: “அது கயித்துப் பக்கமா சாஞ்சிருச்சு. ஒண்ணும் ஆகல.”

“ஏன் சொல்லல?”

“நீ எவ்வளவு ஆசையா கேக்குற. எப்படிச் சொல்றது?”

அக்காவுக்கு முதலில் வந்தது கோபம். அதன் பின்னாலேயே பயம் வந்தது. அக்காவின் பெருமைக்காக இந்த மனிதர் உயரத்தில் உயிரைக் கயிற்றில் கட்டிக்கொண்டு நின்றிருக்கிறார். கீழே இறங்கி வந்து பொய்யும் சொல்லியிருக்கிறார். முகத்தைக் கழுவிக்கொண்டு, பழைய கார்புரேட்டரை முந்தானையில் சுற்றி எடுத்துக்கொண்டார். அவரையும் கூட வரச் சொன்னார்.

மழைக்கு ஒதுங்கிய ஆட்களால் உதிரிபாகக் கடை நிறைந்திருந்தது. பாதிப் பேர் அக்காவிடம் மெஷின் கொடுப்பவர்கள். பழையதைக் கல்லா மேசைமேல் எல்லோர் கண்ணிலும் படும்படி வைத்தார்.

“இது என்னால முடியல. புதுசு குடுங்க.”

கடைக்காரர் வாயில் ஏதோ கேலி தயாராகத்தான் இருந்தது. கணவரின் முகத்தைப் பார்த்ததும் விழுங்கிவிட்டு, ஒரு டப்பாவைப் பிரித்துக் கொடுத்தார். அக்கா அதை ஆட்டிப் பார்க்கவில்லை, கணவர் கையில் கொடுத்தார்.

“நீங்க பாருங்க. நீங்கதான மேல ஏறுறீங்க.”

அவர் தயங்கினார். தண்டை விரலால் அசைத்தார், காதருகே வைத்து இன்னொரு முறை அசைத்தார். கடைக்காரரைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார்.

“லேசா ஆடுது” என்றார்.

அக்கா அதை அவர் கையிலிருந்து வாங்கி மேசைக்கு அந்தப் பக்கம் தள்ளிவிட்டு, அடுத்த டப்பாவுக்குக் கையை நீட்டினார்.