புளி போட்டு விளக்கிய முகம்

அப்பாவின் முதல் வருஷத் திதிக்கும் ஃப்ளெக்ஸ் அடிக்கப் போவதாக அண்ணன் சொன்னபோது வேண்டவே வேண்டாமென்றேன். கருமாதிக்கு அடித்ததைப் பார்த்தவள் நான். ரேஷன் கார்டில் இருந்த படத்தை ஆளுயரத்துக்கு இழுத்து, ரோஸ் கன்னமும் சிவப்பு உதடும் வைத்து, பின்னால் பனிமலை வேறு. பாகூர் ஏரியைத் தாண்டாத மனுஷன் அவர். அதைவிட்டால் வேறு போட்டோவும் கிடையாது.

"நானே போடறேன், செம்புத் தகட்டுல. சொந்தக்காரங்களுக்கு ஆளுக்கொரு படம்" என்றேன்.

அண்ணன் வீட்டு மாட்டுக் கொட்டகையில்தான் என் அச்சு இயந்திரம் இருக்கிறது. இரண்டு மாதம் ஊசியால் கீறினேன். கீறிய இடத்தில் செம்பு மயிரிழையாகப் பிதுங்கி நிற்கும். மை பிடிப்பது அதில்தான், தேய்த்தால் போச்சு. திதிக்கு முந்தின நாள் மை பூசி மூன்று தாளில் அச்செடுத்துப் பார்த்தேன். ஒன்றில் கண் கருத்திருந்தது, ஒன்றில் வாய் கோணியிருந்தது. மூன்றாவதில் என்ன குறையென்று எனக்கே தெரியவில்லை, ஆனாலும் பிடிக்கவில்லை. எனக்கு எதுதான் பிடித்தது! மூன்றிலும் மைக் கையைத் துடைத்து எருக்குழியில் எறிந்தேன். தகட்டில் இருந்த மையைக்கூடத் துடைக்காமல், நல்ல தாள் வாங்கப் புதுச்சேரிக்கு பஸ் ஏறினேன்.

திரும்பி வந்தால், குழாயடியில் குத்துவிளக்கு, சொம்போடு என் தகடும் பளபளவென்று காய்கிறது. ஓரத்தில் புளிச்சக்கை. அண்ணிக்கு முகமெல்லாம் சிரிப்பு.

"இன்னாடி, மாமா மூஞ்சிய இப்டி கரியா வுட்டுட்டுப் போயிட்ட? புளியும் செங்கத்தூளும் போட்டு நல்லா தேச்சி வெச்சிருக்கேன் பாரு."

அவளைத் திட்டி என்ன செய்ய? திதிக்கு முன்னால் வீட்டுச் செம்பை விளக்காமல் விட்டால் அவள் அண்ணியே இல்லை.

மை பூசி ஒரு தாளில் அச்செடுத்தேன். காது வந்தது, மூக்கில் பாதி வந்தது, கண் வரவில்லை. எருக்குழிக்கு ஓடி, முழங்கை வரை விட்டுத் துழாவினேன். இரண்டு தாள் சாணியில் ஊறிக் கூழாகிவிட்டன. மூன்றாவது வைக்கோலுக்கடியில் நனையாமல் கிடைத்தது. விரித்துப் பார்த்தேன், அப்பாவேதான். ஒரு குறையும் இல்லை, நான் கை துடைத்ததைத் தவிர.

அண்ணன் அதற்கே சட்டம் போட்டு மாலை மாட்டினான். படையல் வைத்து எல்லோரும் விழுந்து கும்பிட்டார்கள். எனக்கு நிமிர்ந்து பார்க்கவே அருவருப்பாக இருந்தது. அப்பாவின் வாய்மேல் என் ஐந்து விரல்.