நடுநிலைத் தோட்டம்

இந்த நாட்டில் தனக்குக் கருத்து இல்லை என்று சொல்வதற்கும் கையை உயர்த்த வேண்டும். ஜேர்மனிக்கு வந்து கால் நூற்றாண்டு தாண்டியும் எனக்கு இது பழகவில்லை. எந்தக் கூட்டத்திலும் வாக்கெடுப்பு மூன்று தடவை நடக்கும். முதலில் ஆதரிப்பவர்கள், பிறகு எதிர்ப்பவர்கள், கடைசியில் ‘என்ட்ஹால்ட்டுங்’, அதாவது இரண்டிலும் சேராதவர்கள். அந்த மூன்றாம் தடவை உயரும் கைகளைப் பார்க்க வேண்டும். கூச்சமே இல்லாமல், முழங்கை மடங்காமல் உயரும். ஊரில் இப்படிப்பட்டவர்கள் கூட்டத்துக்கு வராமல் வீட்டில் படுத்திருப்பார்கள். இங்கே நேரத்துக்கு வந்து, முன்வரிசையில் இருந்து, பெயரைப் பதிந்துவிட்டு ஒதுங்குகிறார்கள்.

பேர்லினில், நொய்கெல்ன் பக்கத்தில், நாங்கள் ஒரு தோட்டச் சங்கத்தில் உறுப்பினர்கள். மாடி வீடுகளில் அடைந்து கிடப்பவர்களுக்குச் சங்கம் சின்னச் சின்னத் துண்டுக் காணிகளைக் குத்தகைக்குக் கொடுக்கும். வருடக்கணக்கில் காத்திருந்து கிடைத்த துண்டில் நானும் மனைவி வசந்தியும் கீரையும் மிளகாயும் போடுகிறோம். ரஷ்யா உக்ரேனுக்குள் புகுந்த நாட்களில் இந்தச் சங்கத்துக்கு வந்த வீரத்தைச் சொல்லி மாளாது. வாசலில் நீலமும் மஞ்சளுமாகக் கொடி ஏறியது. பாத்திகளில் அதே நிறங்களில் பூக்கன்றுகள் நட்டார்கள். சனிக்கிழமைகளில் சங்க மண்டபத்தை ஒக்சானா என்ற உக்ரேன் பெண்ணுக்கும் அவளுடன் அகதிகளாக வந்த மற்றப் பெண்களுக்கும் கொடுத்தார்கள். அவர்கள் அங்கே மரச்சட்டத்தில் வலையைக் கட்டி, பழந்துணிகளைக் கீலம் கீலமாகக் கிழித்து அதில் முடிந்தார்கள். போர்முனையில் இருப்பவர்களை மேலே பறக்கும் ட்ரோன் காணாதபடி மூடுகிற வலை அது. ஒக்சானாவின் தம்பி அங்கே ஒரு பதுங்குகுழியில் இருந்தான். வலைகள் அவனுடைய அணிக்குத்தான் போயின.

கொடுப்பதென்றால் நல்லதாகக் கொடுக்க வேண்டும் என்று, வசந்தி சரிகைக்கரை போட்ட பச்சைப் பட்டுச் சேலை ஒன்றை மடிப்புக் குலையாமல் கொண்டுபோய்க் கொடுத்தாள். ஒக்சானா அதை வெயிலில் பிடித்துப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தாள். “இது மின்னுகிறது. மின்னினால் தம்பியைக் கண்டுவிடுவார்கள்” என்றாள் தன் அரைகுறை டொச் மொழியில். வசந்திக்கு முகம் சுண்டிப்போயிற்று. அடுத்த கிழமை என்னுடைய பழைய பருத்திச் சாரங்கள் போயின. மண்ணிறக் கட்டம் போட்டவை. நான் இடுப்பில் கட்டியிருந்த காலத்தில் அவற்றுக்கு வீட்டில் இவ்வளவு மரியாதை இருந்ததில்லை.

வீரம் எவ்வளவு காலம் நிற்கும்? கொடி வெயிலில் வெளுத்தது, ஒருவரும் மாற்றவில்லை. எரிவாயுக் கட்டணம் ஏறியது. வேலிக்கு மேலால் பேசும்போது ‘சிக்கலான விடயம்’ என்ற சொல் வரத் தொடங்கியது. தொலைக்காட்சியில் பெரியவர்கள் சொன்னதும் அதுதான். ஜேர்மனி உக்ரேனுக்கு ஆயுதம் ஒன்றும் கொடுக்கவில்லை என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். நிறையக் கொடுத்தார்கள். ஆனால் ஒவ்வொன்றுக்கும் முன்னால், கொடுக்கலாமா, கொடுத்தால் ரஷ்யாக்காரன் கோபிப்பானா, கொடுத்துவிட்டு இதற்குப் பாவிக்காதே என்று சொல்லலாமா என்று மாதக்கணக்கில் விவாதித்தார்கள். படையெடுத்தவனும் அதைப் பார்த்துக்கொண்டிருப்பான் என்ற நினைப்பே இல்லை. ஒருவன் வீடு புகுந்து அடிக்கிறான், மற்றவன் தன் வீட்டில் நின்று அடி வாங்குகிறான். இதில் எங்கே சிக்கல் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

சங்கத்தின் தலைவர் ஹெர் வோல்ஃப், ஓய்வுபெற்ற பள்ளிக்கூட அதிபர். நல்ல மனிதர், அதுதான் அவரிடம் உள்ள கரைச்சல். இந்த வசந்த காலத்தில் ஒருநாள் என் வேலியில் சாய்ந்துகொண்டு, “நீங்கள் போரைக் கண்டவர். சமாதானத்தைத்தானே விரும்புவீர்கள்?” என்று கேட்டார். “யார்தான் விரும்பமாட்டார்கள்?” என்றேன். அவருக்குப் பெரிய சந்தோசம். தன் பாத்தியில் விளைந்த இரண்டு நோக்கோல் கிழங்கைப் பிடுங்கித் தந்துவிட்டுப் போனார். நானும் முட்டாள்தனமாக நன்றி சொல்லி வாங்கிக்கொண்டேன்.

அது எதற்கான விலை என்பது வருடாந்தக் கூட்டத்தில்தான் தெரிந்தது. மண்டபம் நடுநிலையாக இருக்க வேண்டும், ஆகவே வலை பின்னுவதை நிறுத்தலாம் என்று ஒரு தீர்மானம் வந்தது. ஹெர் வோல்ஃப் எழுந்து, “நம்முடைய இலங்கைத் தோட்டக்காரரே, போரை நேரில் அனுபவித்தவர், சமாதானம்தான் வேண்டும் என்று என்னிடம் சொன்னார்” என்று என் பக்கம் கையைக் காட்டினார். எல்லோரும் திரும்பி என்னைப் பரிவோடு பார்த்தார்கள். அந்தப் பரிவை எடுத்து அவர்களுடைய முகத்திலேயே எறியலாம் போல இருந்தது.

எனக்கு அந்தப் பார்வை புதிதல்ல. யாழ்ப்பாணத்தில் பொருளாதாரத் தடை இருந்த காலத்தில் எங்களுக்குப் பற்றரி கிடையாது. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் வானொலி கேட்போம். வீட்டில் இளையவன் நான், சுற்றுவது என் வேலை. பக்கத்து வீட்டு ஆட்களும் வந்து குந்தியிருப்பார்கள். அன்று விழுந்த குண்டைப் பற்றி வெளிநாடுகள் என்ன சொல்லப் போகின்றன என்று எல்லோரும் காதைத் தீட்டிக்கொண்டிருப்போம். ஆழ்ந்த கவலை என்று வரும். இரு தரப்பும் நிதானம் காக்க வேண்டும் என்று வரும். நான் வியர்க்க வியர்க்கச் சுற்றினேன், உலகம் கவலைப்பட்டது. ஒருநாள் என்னைப் பெற்ற ஐயா, “காணும், நிப்பாட்டு. கை நோகப்போகுது” என்றார். அதற்குப் பிறகு அவர் செய்தி கேட்கவில்லை.

கூட்டத்தில் நான் எழுந்தேன். நாளெல்லாம் பஸ் ஓட்டி, பயணிகளோடு டொச்சில் கதைப்பவன்தான், ஆனால் கோபம் வந்தால் எனக்கு டொச் உடைந்துவிடும். “சமாதானம் வேண்டும் என்றுதான் சொன்னேன். வலையைக் கழற்றுங்கள் என்று சொல்லவில்லை. வலையைக் கழற்றினால் வருவது சமாதானம் இல்லை, ட்ரோன். அதோ இருக்கிறாள், அவளுடைய தம்பி அதற்குக் கீழே இருக்கிறான்” என்றேன். கதவோரம் இருந்த ஒக்சானா தலையை நிமிர்த்தவில்லை. ஹெர் வோல்ஃப், “உணர்வுபூர்வமான பங்களிப்புக்கு நன்றி” என்று சொல்லிவிட்டு வாக்கெடுப்புக்குப் போனார். நிறுத்த வேண்டும் என்று ஒரு சில கைகள். தொடரட்டும் என்று அதைவிடக் கொஞ்சம் குறைவு. மூன்றாம் தடவை மண்டபமே கையை உயர்த்தியது. ஒதுங்கிய கைகளைக் கணக்கில் எடுப்பதில்லை என்பது இங்கே விதி. தீர்மானம் நிறைவேறியது.

மூன்றாம் தடவை உயர்ந்த கைகளில் ஒன்று எங்கள் நேசன் அண்ணையுடையது. என் பக்கத்துத் தோட்டக்காரர், என்னோடு ஒரே அகதி முகாமில் இருந்தவர். வாசலில் மறித்துக் கேட்டேன்.

“ஏனண்ணை?”

“எங்களுக்கு அண்டைக்கு ஆர் கை தூக்கினவை?”

“ஒருத்தரும் தூக்கேல்லை. அதாலதான் நாங்கள் தூக்க வேணும்.”

“உனக்குத் தோட்டம் வேணுமோ வேண்டாமோ? விசர்க்கதை கதையாதை.”

பட்டவர்களுக்குப் பட்டவர்களின் வலி தெரியும் என்று சொல்வது பொய். பட்டவர்கள் பலர், இனிப் படாமல் இருக்க எந்தப் பக்கம் ஒதுங்கலாம் என்றுதான் படித்திருக்கிறார்கள். நேசன் அண்ணை மேல் இருக்கிற கோபத்தைவிட எனக்கு ஹெர் வோல்ஃப் மேல் கோபம் குறைவு.

மறுநாள் ஒக்சானாவும் பெண்களும் மரச்சட்டங்களைக் கழற்ற வந்தபோது மேசை நிறையக் கேக் இருந்தது. ஒதுங்கியவர்கள் விடிய எழும்பிச் சுட்டுக்கொண்டு வந்திருந்தார்கள். ஆப்பிள் கேக், பிளம்ஸ் கேக், பால்கட்டிக் கேக். ஒரு பெண்மணி ஒக்சானாவைக் கட்டிப்பிடித்து அழவும் செய்தார். ஒக்சானா ஒரு துண்டையும் தொடவில்லை. என்னிடம் வந்து, “ஹெர் வோல்ஃபுக்கு நீங்கள் பயமா?” என்று கேட்டாள். இல்லை என்றேன். “அப்படியென்றால் சட்டத்தின் மற்ற முனையைப் பிடியுங்கள்” என்றாள். சட்டங்கள் எங்கள் துண்டுக்கு வந்தன. கீரைப் பாத்தியை மிதித்துக்கொண்டுதான் நட்டோம்.

இரண்டு சனிக்கிழமைகள் வலை பின்னியாயிற்று. மூன்றாவதில் ஹெர் வோல்ஃப் வேலிக்கு வந்து, தோட்டத்தைத் தோட்டவேலைக்கு மட்டுமே பாவிக்கலாம், இப்படியே போனால் குத்தகை இல்லாமல் போகும் என்று மிகுந்த மரியாதையோடு சொல்லிவிட்டுப் போனார்.

துணி கிழித்துக்கொண்டிருந்த வசந்தி நிமிர்ந்து, “இந்தக் காணியும் போனா என்னப்பா செய்யிறது?” என்றாள்.

எங்கள் வீடும் தென்னைகளும் யாழ்ப்பாணத்தின் வலிகாமம் வடக்கில், இராணுவத்தின் முட்கம்பி வேலிக்குள் இருக்கின்றன. போன தடவை ஊருக்குப் போனபோது இருவரும் றோட்டில் நின்று பார்த்தோம். எந்தத் தென்னை எங்களுடையது என்று நான் கையை நீட்டிக் காட்ட, காவல் நின்ற பெடியன் போகச் சொல்லித் துவக்கை அசைத்தான். சொந்தக் காணியை வெளியே நின்று பார்க்க எங்களுக்கு ஒருவரும் பழக்கத் தேவையில்லை. “போனால் போகட்டும், நீர் துணியைக் கிழியும்” என்றேன். இங்கே போகச் சொல்லப்போகிறவரிடம் துவக்கு இருக்காது. தனக்கு இதில் மெத்த வருத்தம் என்று சொல்லி, கை குலுக்கித்தான் வெளியே விடுவார்.