சானிடரி பிராஞ்சுக்குப் போன விண்ணப்பம்

முனிரத்தினத்தை நான் முதல் நாளே வெறுத்துவிட்டேன். அவன் எனக்கு ஒரு கெடுதலும் செய்யவில்லை. காலை பதினொரு மணிக்கு வேலையில் சேர்ந்தான், பன்னிரண்டு மணிக்குள் எங்கள் அமல்தாரைச் சிரிக்க வைத்துவிட்டான். ஆறு வருஷமாக அதே தாலுகா கச்சேரியில் உட்கார்ந்திருந்த நான் அவர் பல்லைப் பார்த்ததே இல்லை.

சர்க்கார் வேலைக்குப் புதிதாக வருகிற பிள்ளைகள் படிப்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன். என்னைப் பற்றி நல்லபடியாக ஒன்றும் இதில் இருக்காது.

1. மூலையில் எழுதும் வேலை

கோலார் தங்க வயலில் தரைக்குக் கீழே சுரங்கக் கம்பெனி, தரைக்கு மேலே மைசூர் சர்க்கார் என்று சொல்வோம். சர்க்காரின் ஏணி இப்படி இருந்தது. கிராமத்துக் கணக்கு எழுத சானுபோகர். சில கிராமங்களுக்குச் சேர்த்து மேலே சேக்தார். தாலுகாவுக்கு அமல்தார். ஜில்லாவுக்குக் கோலாரில் டிப்டி கமிஷனர். எல்லார் தலைக்கும் மேலே திவான். கோலார் பெரிய கச்சேரிக்குள் ரெவின்யூ, ஜுடிசியல், போலீஸ், சானிடரி என்று பிராஞ்சு பிராஞ்சாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஓர் அதிகாரியும் நாலைந்து குமாஸ்தாக்களும் வைத்திருந்தார்கள்.

நான் அமல்தார் கச்சேரியில் தபால் குமாஸ்தா. கோலாருக்குப் போகிற ஒவ்வொரு காகிதத்தையும் கவரில் போட்டு, இடது மேல் மூலையில் எந்த பிராஞ்சுக்கு என்று எழுத வேண்டும். பார்ப்பதற்கு அற்பமான வேலைதான். ஆனால் அந்த மூலையில் நான் எழுதுவதுதான் காகிதத்தின் தலையெழுத்து. பெரிய கச்சேரியில் மூலையைப் பார்த்துத்தான் கட்டைப் பிரிப்பார்கள், உள்ளே என்ன இருக்கிறது என்று யாரும் பார்க்கமாட்டார்கள்.

முனிரத்தினம் நகல் எடுக்கும் குமாஸ்தாவாக வந்தான். அவன் அப்பா சாம்பியன் ரீப்ஸ் சுரங்கத்தில் மரம் முட்டுக்கொடுக்கிறவர். எனக்கோ வேலூர் மிஷன் பள்ளிக்கூடத்து இங்கிலீஷ், முத்து முத்தான கையெழுத்து. அவன் எழுத்து கோழி கிளறியது மாதிரி இருக்கும். ஆனால் பங்காருபேட்டைச் செட்டியார் வந்தால் தெலுங்கில் பேசுவான், சானுபோகர் வந்தால் கன்னடத்தில் பேசுவான், சுரங்கக் கூலிகளின் லைன் வீட்டுச் சனங்கள் வந்தால் நம்முடைய தமிழ். எனக்குக் கன்னடம் எழுத்துக்கூட்டித்தான் வரும். அவனைப் பார்க்கும்போதெல்லாம் என் வயிறு எரிந்தது. இதை வேறு எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

2. சிரஸ்தார் நாற்காலி

அவன் வந்த மூன்றாம் வருஷம், தங்க வயல் மாஜிஸ்ட்ரேட் கோர்ட்டில் சிரஸ்தார் வேலை காலியானது. கோர்ட் குமாஸ்தாக்களுக்கெல்லாம் தலைவர் அவர்தான். மாஜிஸ்ட்ரேட்டுக்குப் பக்கத்திலேயே நாற்காலி. தபால் குமாஸ்தாவாகவே தலை நரைக்காமல் மேலே ஏற எனக்கு இருந்த ஒரே படி அது. வீட்டில் என் மனைவி மேரி அப்போதே ஊரெல்லாம் சொல்லிவிட்டாள்.

"உங்களுக்குக் குடுக்காம வேற யாருக்குக் குடுக்கப் போறாங்க? ஒம்பது வருசமா தேய்றீங்களே" என்றாள்.

நான் விண்ணப்பம் எழுதினேன். மறுநாள் முனிரத்தினம் என் மேஜைக்கு வந்து ஒரு காகிதத்தை நீட்டினான்.

"அண்ணா, நானும் ஒண்ணு போட்டு வெக்கிறேன். கெடைக்காதுன்னு தெரியும். நீங்க இருக்கறப்போ எனக்கு எங்க வரும்? சும்மா பழக்கத்துக்குத்தான். கொஞ்சம் அனுப்பிடுங்கண்ணா."

அவன் போனதும் படித்துப் பார்த்தேன். இங்கிலீஷில் மூன்று இடத்தில் தப்பு. ஆனால் கூலி லைன்களில் பிளேக் பயத்தால் சனங்கள் ஓடப் பார்த்தபோது மூன்று பாஷையில் பேசி நிறுத்தி வைத்தது, திருட்டுத் தங்க வழக்கில் போலீசுக்கு வாக்குமூலம் மொழிபெயர்த்துக் கொடுத்தது என்று வரிசையாக எழுதியிருந்தான். ஒவ்வொன்றும் உண்மை என்று எனக்குத் தெரியும். என் விண்ணப்பத்தில் என் கையெழுத்தைத் தவிர சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை.

என்னுடைய கவரின் மூலையில் 'ஜுடிசியல்' என்று எழுதினேன். அவனுடைய கவரை எடுத்தேன். பேனாவை மையில் தோய்த்தேன். பிறகு 'சானிடரி' என்று எழுதினேன்.

சானிடரி பிராஞ்சு என்றால் கக்கூஸ், சாக்கடை, பிளேக் கொட்டகை. போய் அங்கே நாறட்டும் என்று நினைத்தேன். ஒரு பிராஞ்சு விட்டு ஒரு பிராஞ்சு சுற்றி அது சரியான இடத்துக்கு வருவதற்குள் நாற்காலியில் நான் உட்கார்ந்திருப்பேன் என்பது என் கணக்கு.

3. சுற்றி வந்த காகிதம்

கணக்கில் இரண்டு தப்பு. டிப்டி கமிஷனர் கிராமத்து வரிக்கணக்குப் பார்க்கும் ஜமாபந்திக்காக முகாம் கிளம்பிவிட்டார், ஒன்றரை மாதம் எந்த விண்ணப்பமும் பார்க்கவில்லை. இன்னொன்றுதான் பெரியது. பெரிய கச்சேரியில் ஒரு வழக்கம் உண்டு. தனக்குச் சேராத காகிதமாக இருந்தாலும், அதிகாரி குறிப்பு எழுதாமல் அடுத்த பிராஞ்சுக்குத் தள்ளக் கூடாது. தபாலிலேயே பழம் தின்று கொட்டை போட்ட எனக்கு இது தெரியாதா? தெரியும். பொறாமையில் மறந்துவிட்டேன்.

உத்தரவு வந்த அன்று அமல்தார் என்னையும் முனிரத்தினத்தையும் உள்ளே கூப்பிட்டார். மேஜையில் அவன் விண்ணப்பம் இருந்தது. ஒற்றைக் காகிதமாக அனுப்பியது இப்போது ஒரு கட்டாக இருந்தது.

"கேளுய்யா தேவசகாயம்" என்று கன்னட வாடையுள்ள தமிழில் ஆரம்பித்தார். "சானிடரி எழுதியிருக்கார்: 'இது நமக்குச் சேராது. ஆனா பிளேக் சமயத்துல இவன் செய்த வேலை மெய். ஜுடிசியலுக்கு வேண்டாம்னா நமக்குக் கொடுங்க.' போலீசுக்குப் போச்சு. போலீஸ் எழுதியிருக்கார்: 'சானிடரிக்குக் கொடுக்கறதுக்கு முன்னே எங்களைக் கேளுங்க.' ரெண்டு இலாகா ஒரு ஆளுக்குச் சண்டை போட்டா டிப்டி கமிஷனர் இன்னா பண்ணுவார்? இவனையே சிரஸ்தாரா போட்டுட்டார்."

என் விண்ணப்பத்தையும் எடுத்துக் காட்டினார். போன மேனிக்கே திரும்பி வந்திருந்தது. நேராகப் போனதால் அதில் ஒருவர்கூட ஒரு வரி எழுதவில்லை.

பிறகு அவர் குரல் மாறியது. "அது இருக்கட்டும். ஜுடிசியல் விண்ணப்பம் சானிடரிக்கு எப்படிப் போச்சு? கோலார்ல கேக்கறாங்க. மூலையில இருக்கறது உன் எழுத்துதானே?"

அந்தக் கையெழுத்தை என்னுடையதில்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஜில்லாவிலேயே நல்ல எழுத்து. வேலை போனது என்றுதான் நினைத்தேன்.

"ஐயா, தப்பு என்னுது" என்றான் முனிரத்தினம். "பிளேக் வேலையப் பத்தி எழுதியிருக்கேன், அதனால சானிடரிக்குத்தான் போவணும்னு நான்தான் அண்ணா கிட்ட அடம் புடிச்சேன். அவரு வேணாம்னுதான் சொன்னாரு."

அமல்தார் அவனையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "சிரஸ்தாருக்கு பிராஞ்சு தெரியாதா? நல்லா இருக்கு" என்று சொல்லிச் சிரித்தார். அதோடு விட்டுவிட்டார்.

வெளியே வந்ததும் கேட்டேன். "எப்போ தெரியும் உனக்கு?"

"நீங்க எழுதறப்போ ஜன்னல் பக்கத்துலதான் நின்னுட்டு இருந்தேன்."

"அப்பவே கேட்டிருக்கலாமே."

"கேட்டா இன்னா ஆவும்? நீங்க மாத்தி எழுதுவீங்க. அப்புறம் ரெண்டு பேரும் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் எப்படிப் பாக்கறது? போங்கண்ணா, வீட்ல காத்துட்டு இருப்பாங்க."

4. கற்றுக்கொண்டது

அதன் பிறகு நான் தபால் மேஜையிலேயே இருந்து ஓய்வு பெற்றேன். கோர்ட்டுக் காகிதம் எடுத்துக்கொண்டு போகும்போதெல்லாம் சிரஸ்தார் எழுந்து நின்று "வாங்கண்ணா" என்பான். ஒரு நாளாவது அதட்டியிருந்தால் எங்கள் கணக்கு தீர்ந்திருக்கும். அவன் அதட்டவே இல்லை. நாற்காலி அவனுக்குப் போனதைக்கூட ஒரு வழியாகப் பொறுத்துக்கொண்டேன். அன்றைக்கு எனக்காகப் பொய் சொல்ல அவனுக்கு எங்கிருந்தோ வந்த அந்த மனசு இருக்கிறதே, அதன் மேல்தான் எனக்கு இன்றைக்கும் பொறாமை. ஞாயிற்றுக்கிழமை கோவிலில் முழங்கால் போட்டு ஒப்புக்கொண்டும் அது போகவில்லை.

தபால் மேஜையில் உட்காரப் போகிற பிள்ளைகளுக்கு ஒன்று சொல்கிறேன். கவரின் மூலையில் பிராஞ்சு பேரை எழுதும்போது, கீழே விண்ணப்பம் போட்டவன் பேரைப் படிக்காதீர்கள். படித்துவிட்டால், எழுதுவதற்கு முன் ஜன்னல் பக்கம் ஒருமுறை திரும்பிப் பாருங்கள்.