முதல் வரியிலிருந்து

பாறசாலையில் ஏறுகிற என்னைப் போன்றவர்களுக்கு, ஆபீஸ் போகும் காலை ரயிலில் உட்கார இடம் கிடைக்கும். நெய்யாற்றின்கரையில் ஏறுகிறவர்களுக்கு நாங்கள் பை போட்டு இடம் பிடித்து வைத்தால்தான் உண்டு. அங்கே ஏறும் எங்கள் டீம் லீடுக்கு ஒரு வருடத்துக்கு மேல் நான்தான் பை போட்டேன். ஆபீஸில் சார், வண்டியில் அண்ணன்.

கேமரா, திரை போன்ற பாகங்களை இயக்கும் டிரைவர் என்ற மென்பொருள்களுக்குத் தானியங்கி டெஸ்ட் எழுதுவது என் வேலை. கருவிக்குக் கரண்ட் கொடுத்ததும் அது பூட் ஆகும்; மைய மென்பொருளான கெர்னல் எழுந்து, ஒவ்வொரு டிரைவரையும் தட்டி எழுப்பும். எது மக்கர் செய்தாலும் அதை லாக் என்ற பதிவேட்டில் வரிவரியாகச் சொல்லிவிடும்.

அந்த லாகைத்தான் அண்ணன் துடைக்கச் சொன்னார், வண்டியில் வைத்து, என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு.

"மக்கா, பூட் ஆகும்போ வாற மெசேஜ் எல்லாம் சும்மா குழப்பும். டெஸ்ட் தொடங்குததுக்கு முன்ன லாகை கிளியர் செய்யணும், கேட்டியா?"

"சரி அண்ணா" என்றேன். செய்தேன். அதன்பிறகு எல்லா டெஸ்டும் பச்சை.

வாடிக்கையாளரிடம் போன கருவிகளில் கேமரா விழிக்கவில்லை. கேமரா டிரைவர் டீம் லீட் எழுதியது. அது, கேமராவுக்குக் கரண்ட் போய்ச் சேர்வதற்கு முன்பே கேமராவைத் தேடி, கிடைக்காமல் பிழை சொல்லி, எங்கள் ஆய்வகத்தில் மட்டும் இரண்டாம் முயற்சியில் எப்படியோ எழுந்துகொண்டிருந்தது. அந்தப் பிழையைத்தான் நாங்கள் தினமும் துடைத்துக்கொண்டிருந்தோம். மீட்டிங்கில் அவர் என்னைப் பார்க்காமலே, லாகைத் துடைத்தது டெஸ்ட் எழுதிய பெண்ணின் கவனக்குறைவு என்றார். டிரைவரைச் சரிசெய்துவிட்டதாகவும் சொன்னார். என் வேலை நிரந்தரமாவது தள்ளிப்போனது. வண்டியில் சொன்னதற்கு ஏது சாட்சி?

மறுநாள் பையை மடியில் வைத்துக்கொண்டேன். அமரவிளையில் ஏறிய யாரோ ஒருவர் என் பக்கத்து இடத்தில் உட்கார்ந்தார். நெய்யாற்றின்கரையில் ஏறி டீம் லீட் திருதிருவென்று விழித்தது எனக்கு இனித்தது. ஆனால் போதவில்லை.

டெஸ்டுகளோடு சேர்ந்து ஓட ஒரு புதிய செக் எழுதினேன். கருவிக்குத் தனி வயர் போட்டு, கரண்ட் விழுந்த நொடியிலிருந்து கெர்னல் சொல்வதையெல்லாம் அது பிடித்து வைக்கும். பூட்டில் ஒரு டிரைவர் பிழை சொன்னாலும் டெஸ்ட் சிவப்பு, வாடிக்கையாளருக்குப் போகும் ரிலீஸ் நிற்கும். எந்த டிரைவர், எழுதியவர் யார் என்று டீம் முழுவதற்கும் மெயில் போகும். மேனேஜர் பாராட்டி உடனே சேர்த்துக்கொண்டார். முதல் ஓட்டத்திலேயே சிக்கியது கேமரா டிரைவர். அதே பிழை. சரிசெய்துவிட்டேன் என்று அவர் சொன்னதுகூடப் பொய். மெயிலில் அவர் பெயரைத் திரும்பத் திரும்பப் படித்தேன்.

அடுத்த காலை கம்பியைப் பிடித்து நின்றபடி என்னிடம் குனிந்தார்.

"மக்கா, அந்த செக்க இன்னைக்கி மட்டும் எடுத்து வை. ரிலீஸ் போட்டு, பெறவு சேக்கலாம்."

"எடுக்கலாம் சார். வண்டியில வச்சு சொன்னா பத்தாது. எடுக்கச் சொன்னது நீங்களாக்கும்னு எல்லாருக்கும் ஒரு மெயில் போடுங்க."

வண்டியில் முதல்முறையாக நான் சார் என்றது அவருக்கு உறைத்தது. பாலராமபுரம் போனது, நேமம் போனது. அவர் போனைக் கையில் பிடித்தபடி நின்றே வந்தார். மெயில் வரவில்லை. நான் செக்கை எடுக்கவுமில்லை.