சவுக்காரப் போத்தலும் திருநாள் கடலையும்

எங்கள் ஒழுங்கைக்குக் குழாய்த் தண்ணீர் வந்த கிழமை, குளித்து முடித்தும் சவுக்காரம் என் கையை விட்டுப் போகவில்லை. எவ்வளவு வார்த்தாலும் தோல் வழுக்கிக்கொண்டே இருந்தது. காலம் முழுக்கக் கிணற்றில் அள்ளிக் குளித்தவளுக்கு அது புதினம். சவுக்காரத்தில்தான் ஏதோ மாற்றிவிட்டார்கள் என்று நினைத்து விட்டுவிட்டேன். அங்கேயே யோசித்திருக்க வேண்டும்.

நான் கடலை அவித்து விற்கிறவள். துறைமுகப் பக்கம், பஸ் நிற்கிற இடத்தில் என் சட்டி இருக்கும். ஓர்ஸ் ஹில் கந்தோர்களில் வேலை செய்கிறவர்கள் இறங்கி வந்து வாங்குவார்கள். என் கடலையில் தோல் வெடித்திருக்காது, வாயில் போட்டால் கரையும். இதை நானே சொல்வதில் எனக்கு வெட்கம் இல்லை. எங்கள் கிணறு கடலுக்குக் கிட்ட. அந்தத் தண்ணீரில் பருப்பும் லேசில் அவியாது, கடலையும் அவியாது. அதனால் பெரிய சட்டிக்கு மூன்று கிள்ளு அப்பச்சோடா போடுவேன். அந்த அளவு என் விரலுக்குத் தெரியும்.

முழங்கால் வருத்தத்தில் கிணற்றை விட்டுவிட்டுக் குழாய்த் தண்ணீரில் அவிக்கத் தொடங்கினேன். சோடா அதே மூன்று கிள்ளு. ஞாயிறு பூசை முடிந்து மாதா கோயில் வாசலில் விற்கச் சட்டியைத் திறந்தால் கடலை எல்லாம் தோல் கழன்று களியாய்க் கிடந்தது. என் தம்பியின் மனைவி, கட்டைபறிச்சானில் பிறந்தவ, ஒரு கரண்டி அள்ளிப் பார்த்தா.

"மச்சாள், இதைத் தாளிக்கிறதோ, கரைச்சுக் குடிக்கிறதோ?"

"பசிக்கிறவை எப்பிடியும் தின்னுவினம்," என்றேன்.

"எங்கட ஊர்க் கிணத்தில அவிச்சால் இப்பிடி வராது. உங்களுக்குக் கைப்பதம் போயிட்டுது போல."

அதைவிடச் சுட்டது பங்குச் சுவாமி சொன்னதுதான். எங்கள் மாதா கோயில் திருநாளுக்கு முதல் நாள் பின்னேரம், ஆராதனை முடிய எல்லாருக்கும் கடலை கொடுப்பது வழக்கம். கலியாணம் கட்டி வந்த காலம் தொட்டு அது என் கை வேலை. சுவாமி மெதுவாக, "அம்மா, உங்களுக்கும் வயசாச்சு. இந்த முறை கடையில சொல்லுவமோ?" என்றார்.

"ஒரு கிழமை பொறுங்கோ சுவாமி," என்றேன்.

அந்தக் கிழமை தண்ணீர் மீற்றர் பார்க்கிறவர் வந்தார். நான் கேத்திலைத் திறந்து காட்டினேன். அடியில் சிப்பி மாதிரி வெள்ளையாய்ப் படிந்திருந்தது.

"இது ஏன் பைப் வந்த பிறகு கூடேல்ல?"

"அது வன்தன்மை, அம்மா. கிணத்துத் தண்ணியில சுண்ணாம்பு கூட. பைப்பில வாறது குளத்துத் தண்ணி, அதில குறைவு."

"அப்ப எது நல்லது?"

"ரெண்டும் குடிக்கலாம்."

"நான் குடிக்கக் கேக்கேல்ல, அவிக்கக் கேக்கிறன்."

அவர் மீற்றரைப் பார்த்து எழுதிக்கொண்டு போய்விட்டார். ஆனால் சுண்ணாம்பு என்ற சொல் எனக்குள் நின்றுவிட்டது. மூன்று போத்தல் எடுத்தேன். ஒன்றில் கிணற்றுத் தண்ணீர், ஒன்றில் குழாய்த் தண்ணீர், ஒன்றில் கூரைப் பீலியில் பிடித்து வைத்திருந்த மழைத் தண்ணீர். எழுதி ஒட்ட எனக்கு எழுத்துக் காணாது. கழுத்தில் நூல் கட்டினேன்: கிணற்றுக்குக் கறுப்பு, குழாய்க்கு வெள்ளை, மழைக்கு ஒன்றும் இல்லை. மூன்றிலும் ஒரே அளவு சவுக்காரம் சீவிப் போட்டுக் குலுக்கினேன். மழைத் தண்ணீர் கழுத்து மட்டும் நுரைத்தது. குழாய்த் தண்ணீர் அதற்கு நாலு விரல் கீழே நின்றது. கிணற்றுத் தண்ணீரோ திரிந்த பால் மாதிரி வெள்ளைத் துகளாய் மிதந்தது, நுரையே இல்லை. குசினி வாசலில் இருந்து அன்று கனநேரம் குலுக்கினேன். பொழுது போனதே தெரியவில்லை.

பிறகு நாலு சின்னச் சட்டி. கிணற்றுத் தண்ணீர் சோடாவோடும் இல்லாமலும், குழாய்த் தண்ணீர் சோடாவோடும் இல்லாமலும். சோடா போட்ட கிணற்றுக் கடலை வழக்கம்போல வந்தது. சோடா இல்லாத கிணற்றுக் கடலை பல்லில் கல்லாய்க் கடிபட்டது. சோடா போட்ட குழாய்க் கடலை களி. சோடாவே இல்லாத குழாய்க் கடலை பூவாய் அவிந்து, தோலும் அப்படியே இருந்தது. என் கைப்பதம் போகவில்லை. தண்ணீர் மாறியது எனக்குத் தெரிந்தது, என் விரலுக்குத் தெரியவில்லை.

சுவாமிக்கு ஒரு கோப்பை கொண்டுபோய்க் கொடுத்தேன். தின்றுவிட்டு, "சரி, நீங்களே அவியுங்கோ," என்றார்.

திருநாளுக்கு முதல் நாள் ஊறின கடலையோடு கோயில் குசினிக்குப் போனேன். பெரிய கிடாரத்தில் ஆண்கள் தண்ணீர் நிரப்பி வைத்திருந்தார்கள். குழாய்த் தண்ணீர்தான் என்று முன்பே சொல்லி வைத்திருந்தேன். என்றாலும் மடியில் இருந்த போத்தலை எடுத்து, கிடாரத்துத் தண்ணீரை மொண்டு, சவுக்காரம் போட்டுக் குலுக்கினேன்.

அங்கே நின்ற தம்பி மனைவி எல்லாருக்கும் கேட்கச் சொன்னா: "பாருங்கோ, கடலையைக் குளிக்க வார்க்கப் போறா."

ஆனால் நுரை அரைவாசிதான் எழும்பியது. துகளும் கொஞ்சம் மிதந்தது.

"இது எங்கத்தத் தண்ணி?" என்றேன்.

ஒருவர் தலையைச் சொறிந்தார். "பைப்பில நூல் மாதிரித்தான் வந்தது, அம்மா. பாதிக்குக் கோயில் கிணத்தில அள்ளி விட்டனாங்கள்."

சோடா போடாமல் விட்டிருந்தால் ஊருக்கே கல்லுக் கடலை கொடுத்திருப்பேன். ஊற்றிவிட்டு வேறு நிரப்ப நேரமும் இல்லை. பாதிக்குப் பாதி என்றால் எவ்வளவு என்று விரலைக் கேட்காமல் போத்தலைப் பார்த்து யோசித்தேன். அந்தக் கிடாரத்துக்கு வழக்கமாய்ப் போடுகிற சோடாவில் பாதியைப் போட்டு மூடினேன். அவிந்து முடியுமட்டும் நான் கதிரையில் இருக்கவில்லை.

ஆராதனை முடிந்து சனம் வந்தது. செத்தல் மிளகாயும் தேங்காய்ச் சொட்டும் போட்டுத் தாளித்த கடலையைக் கரண்டி கரண்டியாய்ப் போட்டேன். வாங்கி வாங்கித் தின்றார்கள். சுவாமி நின்றபடியே ஒரு கோப்பை முடித்தார்.

கடைசியில் தம்பி மனைவி வந்தா. அவ முதலே ஒரு முறை வாங்கினவ, நான் கண்டனான். வெறும் கோப்பையை நீட்டிக்கொண்டு கிடாரத்துக்குள் எட்டிப் பார்த்தா.

"அடியில கிடக்கிறதையும் போடுங்கோ மச்சாள்," என்றா. கோப்பையை வாங்கிக்கொண்டு, "நான் ஊருக்குப் போகேக்க எங்கட கிணத்துத் தண்ணியும் ஒரு போத்தல் கொண்டு வரட்டோ?"

"கொண்டு வாங்கோ," என்றேன். "சிவப்பு நூல் கிடக்கு."