படத்துக்கு விழுந்த மாலை

தோட்டத்தில் அம்சவல்லியின் கைவேலையைப் பார்க்காத ஆள் கிடையாது. அது அவளுடையது என்று தெரிந்தவர்கள்தாம் குறைவு. தேயிலைக்கு நடுவே கிடக்கும் பாறைகளில் எது எந்த மலை என்று காட்ட வெள்ளைச் சாயத்தில் எழுதிய எண்கள், மருந்தடித்த இடத்தில் யாரும் நுழையாதபடி பல்லை இளிக்கும் சிவப்பு மண்டை ஓடு, தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துத் தண்ணீர்த் தொட்டியில் ‘குடிக்காதே’ என்ற எச்சரிக்கை, எல்லாம் அவள் போட்டவை. தொட்டியை மாற்றித் தரச் சொல்லி எத்தனையோ முறை கேட்டாயிற்று. நிர்வாகம் தந்தது தொட்டியை அல்ல, ‘குடிக்காதே’ என்று எழுதுவதற்கான சாயத்தை!

அவள் ஓவியம் படித்தவள் அல்ல. படிவம் மூன்றோடு, அதாவது ஒன்பதாம் வகுப்போடு, பள்ளிக்கு முழுக்குப் போட்டுவிட்டு மருந்தடிக்கும் கும்பலில் சேர்ந்தவள். ஒருநாள் எண் எழுத டவுனிலிருந்து வரவேண்டிய ஆள் வரவில்லை. தோட்டக் கணக்குப் பார்க்கும் கிராணி, எண் வெட்டிய தகட்டையும் ஸ்ப்ரே டப்பாவையும் அவள் கையில் திணித்து, “அடிச்சிட்டு வாம்மா” என்றார். அடித்தாள். டப்பாவில் மிச்சம் இருந்ததால், எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு நாய் சுருண்டு தூங்குவது போலவும் அடித்துவைத்தாள். கிராணி வாய்க்கு வந்தபடி ஏசினார். அந்த வாரக் கடைசியிலேயே தம் மகளை அழைத்துவந்து, நாயோடு நிற்கவைத்துப் படம் எடுத்துக்கொண்டார்.

அன்றிலிருந்து அவளுக்குப் பைத்தியம் பிடித்துக்கொண்டது. சாயம் சொந்தக் காசில். தகடு வாங்க வழியில்லாததால் பழைய எக்ஸ்ரே படங்களில் உருவங்களை வெட்டிக்கொண்டாள். அவற்றுக்குப் பஞ்சமே இல்லை. மருந்து நெடியில் வேலை செய்கிறவர்கள் குடியிருக்கும் லயத்தில் எக்ஸ்ரே எடுக்காத நெஞ்சு எது? உரச்சாக்குகளைப் பிரித்துத் தைத்து, அவற்றின்மேல் அடித்தாள். கணவன் யோகேந்திரன் காய்கறி லோரி ஓட்டுகிறவன். “வீட்டுக்குள்ள மூச்சு விட முடியல வல்லி” என்று இருமிக்கொண்டே லோரியிலிருந்து அட்டைப் பெட்டிகளையும் கொண்டுவந்து போடுவான்.

பாறையில் தூங்கிய அந்த நாய்தான் ப்ரியாவை லயத்துக்கு இழுத்து வந்தது. ப்ரியா பக்கத்து ஊரான தானா ராத்தாவின் பெண், கோலாலம்பூரில் ஓவியம் படித்தவள். ஒவ்வோர் ஆண்டும் வருடக் கடைசிப் பள்ளி விடுமுறையில், சுற்றுலாக்காரர்கள் மொய்க்கும் பிரிஞ்சாங்கில் ஒரு கடையின் மாடியை வாடகைக்கு எடுத்து, இளம் ஓவியர்களின் கூட்டுக் கண்காட்சி நடத்துகிறாள். சுவரில் சாயம் அடிக்கிறவர்கள், ஸ்டிக்கர் ஒட்டுகிறவர்கள், பழைய ஸ்கேட் பலகையில் பூதம் வரைகிறவர்கள் என்று ஈப்போவிலிருந்தும் பினாங்கிலிருந்தும் வருவார்கள். தெருவில் பிறந்த ஓவியத்துக்கு ஒரு மாதம் கூரை கிடைக்கும்.

“அக்கா, உங்க படம் ஒண்ணு வேணும். பெருசா வேணும்” என்றாள் ப்ரியா.

யாரை வரைவது என்று அம்சவல்லி யோசிக்கவே இல்லை. பக்கத்து வீட்டு நாகரத்தினத்தைத்தான்.

காரணம் இருந்தது. சில வருடங்களுக்கு முன் யாரோ ஒரு சுற்றுலாக்காரர், கூடையும் தலைத்துணியுமாகக் கொழுந்து வெட்டிக்கொண்டிருந்த நாகரத்தினத்தைப் படம் எடுத்துக்கொண்டு போனார். அந்த முகம் இப்போது ஐஸ்பெட்டியில் ஒட்டும் காந்தப் படமாகப் பிரிஞ்சாங் கடைகளில் தொங்குகிறது. கீழே ‘தேயிலைப் பெண்’ என்று ஆங்கிலத்தில் இருக்கும். நாகரத்தினம் அதைக் கையில் எடுத்துப் பார்த்த அன்று, கடைக்காரம்மா அவளிடமே விலை சொன்னார்.

“என் மூஞ்சிக்கு எங்கிட்டயே வெல சொல்றாடி!” என்று லயமெங்கும் சொல்லிச் சிரித்தாள் நாகரத்தினம். அந்தச் சிரிப்பு அம்சவல்லியின் நெஞ்சில் முள்ளாகத் தைத்து நின்றுவிட்டது. ஸ்ட்ராபெரிக்கு எந்தப் பண்ணை என்று பெயர் உண்டு. தேயிலைப் பொட்டலத்துக்கு முதலாளியின் பெயர் உண்டு. பறிக்கிறவளுக்கு மட்டும் பெயர் கூடாதா?

நாகரத்தினம் சம்மதித்தாள், ஆனால் லயத்துக்கே கேட்கும்படி நிபந்தனை போட்டாள். “படத்துக்குக் கீழ எம்பேரு இருக்கணும். நான் எடுன்னு சொன்னா, அந்த நிமிஷமே எடுத்துடணும். சரியா?”

“சரிக்கா. சத்தியமா.”

இந்த இரண்டாவது நிபந்தனையில்தான் ஆபத்து இருந்தது. நாகரத்தினம் தோட்டத் துரையையே நிறுத்தி வைத்துக் கேள்வி கேட்பாள். ஆனால் பல்லி கத்தினால் வெளியே வைத்த காலை உள்ளே எடுத்துவிடுவாள். பூனை குறுக்கே போனால் காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக்கே போகமாட்டாள். தண்ணீர்த் தொட்டியில் வேண்டுமென்றே இராகு காலத்தில் சாயம் அடித்தவளான அம்சவல்லிக்கு இது விளங்கவே விளங்காது. மனிதரை ஏய்க்கிறவர்களிடம் நிமிர்ந்து நிற்கிற ஒருத்தி, பல்லியிடம் ஏன் குனிய வேண்டும்?

திறப்பு விழா அன்று நாகரத்தினம் காலையிலேயே தானா ராத்தா சலூனுக்குக் கிளம்பிவிட்டாள். “படத்துல கறுப்பு முடி, நேர்ல வெள்ள முடின்னா மானம் போயிடும்லா” என்றாள்.

மாடியில் எல்லாம் தயார். வாசலுக்கு நேரே, நல்ல வெளிச்சத்தில், ஆளுயரத்துக்கு மேல் நாகரத்தினம் நின்றாள். பச்சை, கறுப்பு, கொஞ்சம் மஞ்சள். கண்ணில் அந்த ‘என்னடா பார்க்கிறே’ பார்வை. கீழே ப்ரியா ஒட்டிய அட்டை: ‘நாகரத்தினம். பிறப்பு 1966. உரச்சாக்கில் ஸ்ப்ரே சாயம். வரைந்தவர்: அம்சவல்லி.’

விழாவைத் திறக்க ஒரு பெரிய மனிதரை அழைத்திருந்தார்கள். அவருக்காகக் கம்போங் ராஜாவிலிருந்து தடியான சாமந்தி மாலை வந்திருந்தது. மாலை வந்தது, மனிதர் வரவில்லை. விடுமுறை நெரிசலில் எங்கோ ஸ்ட்ராபெரிப் பண்ணை வாசலில் அவர் கார் மாட்டிக்கொண்டதாகத் தகவல் வந்தது. அவருக்காக ஏற்றிய குத்துவிளக்கு வாசல் காற்றில் அணைந்து அணைந்து போகவே, ப்ரியா அதைக் காற்றடிக்காத இடத்துக்கு நகர்த்தினாள். காற்றடிக்காத இடம் நாகரத்தினத்தின் காலடி.

மாலை, பலகார மேசையில் கறிபாப் தட்டுக்கும் கொட்டிய தேத்தண்ணிக்கும் இடையில் கிடந்தது. யோகேந்திரன் அதைப் பார்த்தான். எந்தப் பொருளும் நசுங்கக் கூடாது என்பது காய்கறி லோரிக்காரனின் பிறவிக் குணம். மாட்ட இடம் தேடினான். சாக்கைத் தாங்கிய இரண்டு ஆணிகள் மேலே நீட்டிக்கொண்டிருந்தன. மாலையைப் பத்திரமாக மாட்டினான். பின்னால் நகர்ந்து பார்த்தான். அவன் கண்ணுக்கு மாலையும் தெரியவில்லை, விளக்கும் தெரியவில்லை. பெண்டாட்டியின் திறமைதான் தெரிந்தது. போனில் ஒரு படம் எடுத்து, எல்லாரும் வரவேண்டும் என்ற பணிவோடு கைகூப்பும் பொம்மையை மட்டும் சேர்த்து, லயத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டான்.

அம்சவல்லி கீழே நாற்காலி இறக்கிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. ஜொகூரில் வேலை செய்யும் நாகரத்தினத்தின் மகன் மகேன். பேச முடியாமல் அழுதான்.

“சின்னம்மா... அம்மாவுக்கு என்ன ஆச்சு? நேத்து ராத்திரிகூட நல்லாத்தானே பேசினாங்க?”

“உங்கம்மாவுக்கு என்னடா? தலைக்குச் சாயம் போடப் போயிருக்காங்க!”

அழுகை நின்றது. “அப்ப மாலை போட்ட படம்?”

அம்சவல்லி படிகளில் தாவி ஏறினாள். பார்த்தாள். மாலை, விளக்கு, பிறந்த வருடம். இறந்த வருடம் ஒன்றுதான் பாக்கி. “ஐயோ, மாலையக் கழட்டுய்யா!” என்று கத்தினாள். யோகேந்திரன் அப்போதுதான் படத்தை முதன்முறையாக ஒரு தமிழனாகப் பார்த்தான். “அட கடவுளே” என்று அங்கேயே உட்கார்ந்துவிட்டான்.

அதற்குள் கீழே இரண்டு வேன்கள் வந்து நின்றன. லயத்துப் பெண்கள் மாரடித்துக்கொண்டே இறங்கினார்கள். முன்னால் அம்மாக்கண்ணு. நாகரத்தினத்தோடு நாள் தவறாமல் சண்டை போடுகிற எதிர்வீட்டுக்காரி, எல்லாரையும்விடச் சத்தமாக அழுதாள். அதே நேரம் ஒரு டாக்ஸி வந்து நின்றது. தலையில் சாயத்தோடு, பிளாஸ்டிக் உறையோடு, தோளில் சலூன் துண்டோடு நாகரத்தினம் இறங்கினாள். சாயம் போட்டு முடியும்வரை போனையே எடுக்காதவள், கடைசியாக மகேன் அழைத்தபோதுதான் எடுத்திருந்தாள்.

அம்மாக்கண்ணு வீலென்று அலறினாள். பிறகு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஏச ஆரம்பித்தாள். “ஏன்டி, உசுரோட இருக்கிறவ போன எடுக்க மாட்டியா? ஒனக்காக அழுது எனக்குத் தொண்ட கட்டிப்போச்சு!”

“ஒன்ன யாருடி அழச் சொன்னா?” என்று அவளை விலக்கிக்கொண்டு மாடி ஏறிய நாகரத்தினம், மாலையோடு தன்னையே பார்த்து நின்றாள். முகம் வெளுத்தது.

“எடுடி வல்லி.”

“அக்கா, மாலைய மட்டும்...”

“படத்த எடு. உசுரோட இருக்கிறவள பொணமாக்கிட்டீங்க. இது நல்லதுக்கில்ல.”

அம்சவல்லிக்குக் கோபம் வந்தது. “மருந்து நெடியில ஒங்க நெஞ்சு கெட்டுச்சே, அப்ப எந்தச் சகுனம் வந்து சொல்லிச்சு? குடிக்க முடியாத தண்ணிய வருஷக்கணக்கா குடுத்தானே, அது நல்லதுக்கா? அதெல்லாம் கொல்லாத ஒங்கள இந்தச் சாமந்திப்பூ கொன்னுடுமா?”

நாகரத்தினம் விரலை மட்டும் படத்தை நோக்கி நீட்டினாள். வாக்கு வாக்குதான். இந்த முகம் இந்தப் பெயரோடு ஒரு மாதம் நிற்க வேண்டும் என்பதைத் தவிர அம்சவல்லி வேறெதற்கும் ஆசைப்பட்டதில்லை. ஒருநாள்கூட நிற்கவில்லை. முக்காலியில் ஏறி, ஒரு பக்க ஆணியைக் கழற்றினாள். சாக்கு ஒருபக்கமாகச் சரிந்தது.

அப்போது வாசலில் ஓர் இளம் மலாய்த் தம்பதி வந்து நின்றார்கள். இழவு என்றும் விழா என்றும் அறியாதவர்கள். அந்தப் பெண் சரிந்த படத்தைப் பார்த்தாள். பிளாஸ்டிக் உறையோடு நிற்கும் உருவத்தைப் பார்த்தாள். அட்டையில் பக்கத்திலேயே மலாயிலும் எழுதியிருந்த பெயரைத் திக்கித் திக்கிப் படித்தாள். “நா... கா... ராத்... தி... னம்.” பிறகு சிரித்துக்கொண்டே, “மக்சிக் நாகரத்தினம்?”, நாகரத்தினம் அத்தையா, என்று கேட்டாள்.

நாகரத்தினம் திரும்பினாள். எத்தனையோ பேர் அவளைப் படம் எடுத்திருக்கிறார்கள். இந்தப் பக்கம் பார், கூடையைத் தூக்கு, சிரி என்று சொல்லியிருக்கிறார்கள். அவர்களில் ஒருவர்கூட அவள் பெயரை வாய்விட்டுச் சொன்னதில்லை.

“யா, சாயாலா” என்றாள். நான்தான்.

அந்தப் பெண் சேர்ந்து படம் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டாள். கேட்டுவிட்டு எடுத்தாள். நாகரத்தினம் துண்டைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து நின்றாள். எடுத்து முடிந்ததும் முக்காலிப் பக்கம் திரும்பினாள்.

“அங்க என்னடி பண்ற? கோணலா தொங்குது பாரு, ஆணிய மாட்டு. யோகேந்திரா! மாலைய இங்க கொண்டா.”

“அக்கா, தெரியாம...”

“பேசாதடா. படத்துக்குப் போட்டாத்தான பொணம்? கழுத்துல போட்டா மரியாத.” பிளாஸ்டிக் உறை கழன்றுவிடாமல், அவளே மாலையை வாங்கிப் போட்டுக்கொண்டாள். “பெரிய மனுசன் வரலையாமே? இதுக்கு மேல எவன் வரணும்? தெறந்தாச்சு, போங்க, பாருங்க!”

ப்ரியாதான் முதலில் கைதட்டினாள். அழ வந்தவர்கள் கறிபாப் தின்றார்கள். பூதம் வரைந்த பினாங்குப் பையன்களுக்கு என்ன நடந்தது என்று கடைசிவரை விளங்கவில்லை. அவர்களும் கைதட்டினார்கள்.

தலைச்சாயம் கழுத்தில் வழியத் தொடங்கியபோதும் நாகரத்தினம் சலூனுக்குத் திரும்பவில்லை. அம்சவல்லியின் கையைப் பிடித்துப் படியிறங்கி, மாலையோடு தெருவைக் கடந்து, அன்று அவளிடமே விலை சொன்ன எதிர்க் கடைக்குப் போனாள். பின்னாலேயே லயமும் போனது. காந்தப் படங்கள் தொங்கும் வரிசைக்கு முன் நின்று, ‘தேயிலைப் பெண்’ணையும் தன் முகத்தையும் மாறி மாறிக் காட்டினாள். கடைக்காரம்மா கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார். மாலையைப் பார்த்தார். வாசலை அடைத்து நிற்கும் கூட்டத்தைப் பார்த்தார்.

“அய்யோ, லூ கா? நீதானா? சொல்லவே இல்லலா!” என்றார் கலப்புத் தமிழில்.

“நீ கேக்கவே இல்லலா” என்றாள் நாகரத்தினம். “பேனா குடு.”

கடைக்காரம்மா கறுப்பு மார்க்கர் பேனாவை நீட்டினார். அம்சவல்லி ஒவ்வொரு காந்தப் படத்தின் கீழும், ஆங்கில எழுத்துகளை அடித்துவிட்டு, ‘நாகரத்தினம்’ என்று எழுதத் தொடங்கினாள். பாறையில் எண் எழுதிப் பழகிய கை, பிசகவில்லை. பக்கத்து வரிசையைப் புரட்டிக்கொண்டிருந்த அம்மாக்கண்ணு திடீரென்று கூவினாள்.

“அடியே வல்லி, இங்க வா! இந்தக் கூடைக்காரி நான்தான்டி! எம்பேர இன்னும் கொஞ்சம் பெருசா எழுது!”